ஏன் இந்தக் கதவு?

மலைகள் எல்லாம் எங்கே உட்காரலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆறுகளுக்கு இன்னும் பெயர்கூட வைத்து முடியவில்லை. அத்தனை பழைய காலத்தில் மஞ்சுமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நாலு பக்கமும் மலை, நடுவில் கிண்ணத்துக்குள் வைத்தது போல ஊர்.

அந்த நாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எது தெரியவில்லையோ அதைப் பூப்போட்டுக் கேட்பார்கள். ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை. இன்னொரு பூவரச இலையில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி, முகிலம்மன் காலடியில் உருட்டிவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, செய். சிவப்பு வந்தால் வேண்டாம், விடு.

பெண் பார்க்கப் போகலாமா? பூப்போடு. மாடு வாங்கலாமா? பூப்போடு. சண்டை போட்ட மருமகளோடு இனிமேல் பேசலாமா? அதற்கும் பூப்போடு. அரசன் நெடுமுடியன் எல்லோருக்கும் ஒரு படி மேலே. காலையில் எந்தக் காலை முதலில் தரையில் ஊன்றுவது என்று கேட்டு வரக் கோயிலுக்கு ஆள் அனுப்புவான். பதில் வருகிற வரை கட்டிலில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டே கிடப்பான். சிரிக்காதீர்கள். தெரியாத இடத்தில் நிற்கும்போது நீங்களும் நானும் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அந்தக் கோயிலில் பொட்டலம் கட்டுகிறவள் பெயர் மருக்கொழுந்து. பொட்டலத்தை எடுக்கிறவள் அவள் தங்கை தவனம். தாய் தகப்பன் இல்லாத பெண்கள். அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா, அவ்வளவுதான் அவர்கள் உறவு. தவனம் ஒவ்வொரு முறை பொட்டலத்தை எடுத்ததும், அதைப் பிரிப்பதற்கு முன்னால், சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துப் பெருமையாக ஒன்று சொல்வாள்.

"எங்கக்கா கட்டின பொட்டலம் தப்பாது!"

மருக்கொழுந்து தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். மடித்து உருட்டிய பிறகு எதில் எது இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. தனக்குத் தெரியாது என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தங்கை வாயால் அப்படிக் கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் அவள் அதை ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

இப்படி இருக்கையில், ஓர் ஐப்பசி மாதம் மலையிலிருந்து மூடுபனியாய் இறங்கிய மஞ்சு திரும்பி மேலே ஏறவே இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. மஞ்சு அப்படியே கிடந்தது. வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் போலாயிற்று. சாடியில் இருந்த உப்பு தண்ணீராகிப்போனது. துவைத்த துணி காயவில்லை, ஈரத்தையே உடுத்திக்கொண்டார்கள். நெல் கதிரிலேயே கறுத்தது. விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் சேவல்கள் கூவுவதை விட்டுவிட்டன. குழந்தைகள் இருமின. இருமி இருமி ஓய்ந்தன. சில வீடுகளில் இருமல் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது. அந்த வீடுகளைத் தாண்டிப் போகும்போது ஜனங்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள்.

அப்போது ஒருநாள் மஞ்சுக்குள்ளிருந்து ஒருவன் நடந்து வந்து அரண்மனை வாசலில் நின்றான். தலை சாம்பல், தாடி சாம்பல், தோள் சாம்பல். அவன் பேசினால் உதட்டிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. சாம்பலாண்டி என்று அவனுக்குப் பெயர்.

"மன்னா, உங்கள் சூரியன் என் குகையில் இருக்கிறது. வடமலைக் கரும்பாறையில் மூன்று கதவுகள் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். ஓர் ஆளுக்கு ஒரு கதவு. திறந்தால் எடுத்துக்கொள்ளலாம்."

"எந்தக் கதவுன்னு எப்படித் தெரியும்?" என்றான் அரசன்.

"தெரியாது. அடையாளம் இல்லை. ஓசை இல்லை. வாசனை இல்லை."

சொல்லிவிட்டு அவன் மஞ்சுக்குள்ளேயே கரைந்துபோனான். நின்ற இடத்தில் ஒரு கைப்பிடி சாம்பல் கிடந்தது.

முதலில் கிளம்பியவன் படைத்தலைவன் வீரகண்டன். "வலது கைதான் வாள் புடிக்கிற கை. வலது பக்கம்தான் வெற்றி" என்றான். வலது கதவா என்று பூப்போட்டார்கள். வெள்ளை வந்தது. போனான். திரும்பவில்லை.

இரண்டாவது மந்திரி மதிவாணர். "வலது போயி வரலேன்னா அது வலது இல்ல. அப்ப இடதுதான், இதுக்கு என்ன யோசனை?" என்றார். இடது கதவா என்று பூப்போட்டார்கள். வெள்ளை வந்தது. போனார். திரும்பவில்லை.

மூன்றாவது உப்பு வணிகன் அம்பலவன். "அந்தப் பக்கமும் வேணாம், இந்தப் பக்கமும் வேணாம். நடுவுல போனா நட்டமில்ல" என்றான். நடுக்கதவா என்று பூப்போட்டார்கள். வெள்ளைதான் வந்தது. போனான். அவனும் திரும்பவில்லை.

மூன்று கதவுக்கும் வெள்ளை சொன்ன பூவை யாராவது சந்தேகப்பட்டார்களா? இல்லை. படைத்தலைவன் வாசல்படியில் கால் இடறினானாம். மந்திரி கிளம்பும்போது தும்மினாராம். அம்பலவன் மனசு சுத்தமில்லையாம். போனவர்கள்மேல் ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்து முடித்தபோது பூவின்மேல் ஒரு குற்றமும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு யாரும் முன்வரவில்லை. அரசனுக்கு ஒரு யோசனை வந்தது. எடுக்கிற கைக்குத்தானே ராசி? அந்தக் கையையே அனுப்பினால் என்ன?

கோயிலில் கூட்டம் கூடியது. மருக்கொழுந்து இலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, என்ன கேள்வி என்று நிமிர்ந்து பார்த்தாள். அரசன் தொண்டையைச் செருமினான்.

"தவனத்தை அனுப்பலாமான்னு கேளுங்க."

மருக்கொழுந்தின் கை நின்றது. தட்டில் செவ்வரளி நிறைய இருந்தது. இரண்டு இலையிலும் அரளியையே வைத்துக் கட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் அதை நினைத்தாள். ஆனால் கை, பழகின பழக்கத்தில், ஒன்றில் வெள்ளையை வைத்தது, ஒன்றில் சிவப்பை வைத்தது, நாரைச் சுற்றியது.

தவனம் கண்ணை மூடி எடுத்தாள். "எங்கக்கா கட்டின பொட்டலம் தப்பாது, மகாராஜா!" என்றாள். பிரித்தார்கள். வெள்ளை.

மறுநாள் காலை மருக்கொழுந்து மூன்று பொட்டலங்களைக் கட்டித் தங்கையின் முந்தானையில் முடிந்துவிட்டாள். ஒன்றில் மட்டும் வெள்ளை. கதவுக்கு ஒன்றாக வைத்து எடுத்துப் பார்க்கச் சொன்னாள். போட்ட முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"ஏங்க்கா பயப்படுற? நீ கட்டினது இருக்கு. நான் சூரியனோட வரேன் பாரு."

போனாள். திரும்பவில்லை.

மருக்கொழுந்து காத்திருந்தாள். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். ஒருவருடைய சோறு பானையிலேயே பூசணம் பூத்துப்போனது. அதையும் அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி இரண்டு பேருக்கே வைத்தாள். மார்பில் ஏதோ அடைத்தது போலவே இருந்தது, அழுகையும் வரவில்லை. ஒருநாள் உலையை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

கோயில் வாசலில் பூசாரி மறித்தார். "எங்கம்மா போற?"

"வடமலைக்கு."

"பூப்போட்டுக் கேட்டியா?"

"இல்ல சாமி."

"கேக்காமயா போற!"

"கேட்டுட்டுப் போனவங்க வந்தாங்களா, சாமி?"

பூசாரி வழிவிட்டார்.

வடமலைக் கரும்பாறை மஞ்சுக்கு நடுவில் ஈரமாக நின்றது. அதன் முன்னால் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டப்போனால் நான்கும் கல். வீரகண்டன் வலது கையை ஓங்கியபடி கல். மதிவாணர் ஒரு விரலை நீட்டியபடி கல். அம்பலவன் இரண்டு கையையும் விரித்தபடி கல். ஓரத்தில், சின்னதாக, பிரித்த பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி, தவனம். இலையும் கல், நாரும் கல், பூவும் கல்.

மருக்கொழுந்து தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். குளிர்ந்து கிடந்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். நான்கு பேருடைய வாயும் திறந்திருந்தது. பயந்து அலறுகிற வாய் இல்லை. யாருக்கோ எதையோ விளக்கமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிற வாய்.

வீரகண்டனின் தலைமேல் ஓர் ஓணான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு இவங்களுக்கு? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஓணான் தலையாட்டியது. "தெரியாது" என்றது.

"தெரியாதுங்கற, தலையை ஆட்டுற?"

"என் கழுத்து அப்படி, தாயி. நான் எதுக்கும் ஆட்டுவேன். இந்தப் படைத்தலைவன் வந்து வலதான்னு கேட்டான். தலை ஆடிச்சு. அவனுக்கு ஒரே சந்தோஷம். மந்திரி இடதான்னு கேட்டாரு. அதுக்கும் ஆடிச்சு. வியாபாரி நடுவான்னு கேட்டான். அதுக்கும்தான். ஒருத்தராவது நான் வாயைத் திறக்கற வரைக்கும் நின்னாங்களா?"

"எந்தக் கதவுன்னு உனக்கும் தெரியாதா?"

"தெரியாது" என்றது ஓணான், தலையை ஆட்டிக்கொண்டே.

அப்போது மஞ்சு கொஞ்சம் கலைந்தது. பாறையில் மூன்று கதவுகள் தெரிந்தன. நடுக்கதவுக்கு முன்னால் சாம்பலாண்டி உட்கார்ந்திருந்தான்.

"வா பெண்ணே. ஒரு கதவு உனக்கு. அடையாளம் இல்லை. ஓசை இல்லை. வாசனை இல்லை. திறந்த பிறகு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு நீ பதில் சொன்னால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்."

மருக்கொழுந்து கதவுகளைப் பார்த்தாள். ஒரே மரம், ஒரே உயரம், ஒரே தாழ்ப்பாள். உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இடது கதவில் ஒரு கீறல் தென்பட்டது. அது சூரியக் கதிர் மாதிரி இல்லை? சந்தோஷமாக அங்கே ஓர் அடி வைத்தாள். நடுக்கதவின் இடுக்கிலிருந்து லேசாகக் காற்று வந்தது. அது வெதுவெதுப்பாக இல்லை? நின்றாள். வலது கதவின் அடியில் எறும்புச் சாரை ஊர்ந்தது. எறும்பு ஈரமில்லாத இடத்துக்குத்தானே போகும்?

வைத்த அடியை அவள் பின்னால் எடுத்தாள். தேடினால் எல்லாக் கதவிலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அவள் மனசுதான் ஆசைப்பட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. கோயில் வாசலில் வெள்ளைப் பூவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பொட்டலம் கட்டியவள் அவள். பொட்டலத்துக்கு ஒன்றும் தெரியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

'எனக்குத் தெரியல' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் பயம் இரண்டு மடங்கானது. காலுக்குக் கீழே தரையே இல்லாதது போல இருந்தது. ஆனாலும் திறக்காமல் திரும்பிப் போக முடியாது. தங்கை கல்லாக நிற்கிறாள், ஊரில் குழந்தைகள் இருமுகின்றன.

சின்ன வயதில் அக்காளும் தங்கையும் கோயில் முற்றத்தில் தட்டாமாலை சுற்றுவார்கள். தலை கிறுகிறுத்து நின்ற இடத்தில் கைக்கு எது படுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மருக்கொழுந்து கண்ணை மூடினாள். இரண்டு கையையும் விரித்தாள். சுற்றினாள், சுற்றினாள், சுற்றினாள். எந்தப் பக்கம் எது என்பது சுத்தமாக மறந்துபோன பிறகு, தள்ளாடி நாலடி நடந்து கையை நீட்டினாள். தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. இழுத்தாள்.

கதவு திறந்தது. உள்ளே மஞ்சு மட்டும்தான் இருந்தது.

சாம்பலாண்டி எழுந்து அவள் அருகே வந்தான். குரல் தேனாக இருந்தது.

"ஏன் இந்தக் கதவு?"

"தெரியாது."

"வெட்கப்படாதே. கீறலைப் பார்த்தாய். காற்றைப் பார்த்தாய். எறும்பைப் பார்த்தாய். எத்தனை புத்திசாலிப் பெண்! உன் புத்தியை ஊரே மெச்சும், அரசனே மெச்சுவான். எறும்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல். ஏன் இந்தக் கதவு?"

"எறும்பைப் பாத்தேன். ஆனா அதுக்காகத் தொறக்கல. தெரியாது."

சாம்பலாண்டியின் தோளிலிருந்து கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது. அவன் இன்னும் நெருங்கினான்.

"சரி, உன் புத்தி இல்லை. முகிலம்மன் கையைப் பிடித்து நடத்தினாள். இத்தனை வருஷம் அவள் காலடியில் பூ உருட்டினாயே, அவள் சும்மா விடுவாளா? அம்மன் காட்டினாள் என்று சொல். சாமி பேரைச் சொல்வதில் என்ன குற்றம்? ஏன் இந்தக் கதவு?"

"அம்மா காட்டியிருந்தா நல்லாத்தான் இருக்கும். காட்டினாளான்னு எனக்குத் தெரியாது. கை பட்டது, தொறந்தேன்."

சாம்பலாண்டியின் தாடி உதிர்ந்தது. இப்போது அவன் தவனத்தின் கல் உருவத்தின் பக்கம் திரும்பி நின்றான். அவனுடைய குரல் ஒரு தாய் பேசுவது போல மெதுவாக ஆகிவிட்டது.

"இந்தச் சின்னப் பெண்ணை நினைத்துப் பார். இவள் வந்தாள், நின்றாள், கல்லானாள். எல்லாம் எதற்கு? நீ வந்து சரியான கதவைத் திறப்பதற்காக. இவள் வழிகாட்டினாள், நீ கண்டுகொண்டாய். அப்படிச் சொன்னால் இவள் பட்டதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். இல்லையென்றால் இவள் வீணாகப் போனவள். உன் தங்கையை வீணாகப் போனவள் ஆக்குவாயா? ஏன் இந்தக் கதவு?"

மருக்கொழுந்து தங்கையின் கல் முகத்தைப் பார்த்தாள். முதல் இரண்டு முறை கேட்டது ஒரு கேள்வியே இல்லை. இது கத்தி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இத்தனை நாளாக மார்பில் அடைத்துக்கொண்டிருப்பது இறங்கிவிடும். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு நிற்கும் நான்கு கற்களும் கண்ணில் பட்டன.

"வீணாத்தான் போச்சு" என்றாள். கண்ணீர் கொட்டியது. "என் தங்கச்சி வீணாத்தான் வந்தா. யாருக்கும் ஒண்ணும் தெரியாம அனுப்பிச்சோம். எனக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்றேன். இல்லாத காரணத்தை அவ பேருல கட்ட மாட்டேன். இந்தக் கதவு ஏன்னு எனக்குத் தெரியாது!"

சாம்பலாண்டி ஓர் அடி பின்வாங்கினான். மனிதர்கள் இட்டுக்கட்டிய காரணங்களைத் தின்றே வளர்ந்த உடம்பு அது. தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. தலை சரிந்தது, தோள் சரிந்தது, கால் சரிந்தது. கடைசியில் ஒரு கூடை சாம்பல்தான் மிச்சம். அதையும் காற்று கொண்டுபோனது.

மூன்று கதவுகளும் படபடவென்று தாமாகத் திறந்துகொண்டன. மூன்றுக்கும் பின்னால் ஒரே குகை. நடுவில், பஞ்சாரத்துக்குள் அடைத்த கோழி மாதிரி, சூரியன் உட்கார்ந்திருந்தது. ஒரு கதவுக்குள் மட்டும்தான் என்று சாம்பலாண்டி எப்போதுமே சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கதவு என்று ஒரு நாடே தலையைப் பிய்த்துக்கொண்டது வீண் வேலை.

சூரியன் வெளியே வந்து பாறையில் ஏறி, மலையில் ஏறி, வானத்தில் ஏறியது. வெயில் பட்டதும் நான்கு கற்களுக்கும் கழுத்துக்கு மேலே மட்டும் உயிர் வந்தது. உதடு அசைந்தது. அவரவர் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்கள்.

"...வலது போனவரு வரல, அதனால இடது" என்று ஆரம்பித்த மதிவாணர், மூன்று கதவுக்குள்ளும் ஒரே குகை இருப்பதைப் பார்த்தார். வாய் குழறியது. "தெரியாமத்தான் வந்தேன்" என்று முனகினார். கல் உடம்பு சதையானது.

"...நடுவுல போனா நட்டமில்லன்னு" என்ற அம்பலவனும் குகையைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன தெரியும்? பயந்துபோய்த்தான் நடுவுல புகுந்தேன்" என்று அழுதான். அவனுக்கும் உடம்பு திரும்பியது.

"...வலது கைதான் வெற்றி!" என்று வீரகண்டன் முழங்கினான். மதிவாணரும் அம்பலவனும் குகையைக் காட்டினார்கள். பார்த்தான். "வலதும் அதே குகைக்குத்தானே போகுது? அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவன் இறங்கி வரவில்லை. வந்த உயிர் கழுத்திலிருந்து மெல்ல மெல்ல வடிந்து, முகமும் மறுபடி கல்லானது.

மருக்கொழுந்து அதற்குள் தங்கையிடம் ஓடியிருந்தாள். தவனத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாம்பலாண்டிக்கு அவள் என்ன காரணம் சொன்னாள் என்பதை அக்கா அப்போதுதான் கேட்டாள்.

"...ஏன்னா, எங்கக்கா கட்டின பொட்டலம் தப்பாது."

கழுத்தோடு நின்றிருந்த கல் தாடைக்கு ஏறத் தொடங்கியது.

"தவனம்! இங்க பாரு. அக்கா சொல்றதக் கேளு. தப்பும்டி. நான் கட்டினதும் தப்பும். எதுல எது இருக்குன்னு எனக்குத் தெரியாதுடி. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. நீ பெருமையா சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் சும்மா இருந்துட்டேன். உன்னை அனுப்பிச்ச அன்னைக்கு ரெண்டுலயும் அரளியே வச்சிருக்கலாம். வைக்கல. ஏன் வைக்கலேன்னு கேட்டா அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுடி, தங்கம்."

தவனம் அக்காவையே பார்த்தாள். நம்பியிருந்த ஒன்று உடைகிறபோது குழந்தைகளின் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது அவள் முகம். கண் நிறைந்து வழிந்தது.

"அப்ப... யாருக்குமே தெரியாதாக்கா?"

"யாருக்குமே தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் தவனம், சின்னக் குரலில். கல் அவளைவிட்டு இறங்கியது. உள்ளங்கையில் இருந்த கல் இலை பச்சை இலையானது. அதற்குள் இருந்தது செவ்வரளியா நந்தியாவட்டையா என்று இருவரும் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு எதிர்கொண்டது. அரசன் யானையை விட்டு இறங்கி ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஏம்மா மருக்கொழுந்து, எப்படிக் கண்டுபுடிச்சே?"

"கண்டுபுடிக்கல மகாராஜா. தட்டாமாலை சுத்தினேன். கையில பட்டதைத் தொறந்தேன்."

அரசன் முகம் வாடிவிட்டது. "அம்மன் காட்டினாள்னு போட்டுக்கலாமா? கல்வெட்டுல வெட்டணுமே."

மருக்கொழுந்து வடமலைப் பக்கம் கையை நீட்டினாள். வீரகண்டன் வெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தான். அரசன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். கல்வெட்டு வெட்டவில்லை. அதற்குப் பதிலாக, காலை வெயில் முதலில் விழுகிற கீழைச்சரிவு முழுவதையும் அக்காள் தங்கைக்குப் பூந்தோட்டமாகக் கொடுத்தான். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எந்தக் கால் முதலில் வந்ததோ அந்தக் காலை ஊன்றி எழுந்தான். ஒன்றும் ஆகவில்லை.

பூப்போடுவதை மட்டும் அந்த நாட்டுக்காரர்கள் விடவில்லை. தெரியாத இடத்தில் ஏதோ ஒரு பக்கம் கால் எடுத்து வைத்துத்தானே ஆகவேண்டும்? ஆனால் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால், கட்டியவளும் எடுத்தவளும் கேட்க வந்தவரும் சேர்ந்து, "தெரியாது, தெரியாது, தெரியாது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. சொல்லிவிட்டு எது வந்தாலும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகிறவர்களோடு யாராவது ஒருவர் துணைக்கும் போனார்.

சூரியன் வந்தது, நெல் விளைந்தது, சேவல் கூவியது. இருமல் நின்றுபோன குழந்தைகள் மட்டும் வரவில்லை. அந்தத் தாய்மார்கள் ஒவ்வொருவராகக் கோயிலுக்கு வந்து, மருக்கொழுந்துக்கு எதிரில் உட்கார்ந்து, "ஏன் என் புள்ள?" என்று கேட்டார்கள். விதி என்று சொல்லலாம். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லலாம். கேட்கிறவர்களுக்கும் அது வேண்டித்தான் இருந்தது. அவள், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையைத் தள்ளி வைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

மஞ்சு விலகியது போல இந்தக் கதையும் இதோடு விலகட்டும். வடமலைப் பக்கம் போனால் வீரகண்டன் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்பதைப் பார்க்கலாம். அவன் தலைமேல் ஓர் ஓணான் இருக்கும். நீங்கள் என்ன கேட்டாலும் அது தலையை ஆட்டும். அது வாயைத் திறக்கிற வரைக்கும் கொஞ்சம் நில்லுங்கள்.